எலி எங்கே செத்தது

சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையில் நிறுத்துகிற பழக்கம் எனக்குக் கிடையாது. என்னோடு வேலை பார்த்த யாரையும் விசாரிக்காமல் கேட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இனி நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

பொறி எப்படி வைப்பது, சாக்கடையை எப்படி வெட்டுவது, எந்த மருந்தை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. படித்துப் பரீட்சையும் எழுதிவிட்டீர்கள். அதில் நான் வாய் வைக்கமாட்டேன். எதிரே நிற்கிற ஆள் நம்மிடம் பொய் சொல்கிறான் என்று தெரிகிறபோது என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. என் உத்தியோக காலத்தில் எலிகள் என்னை ஏமாற்றியதே இல்லை. மனிதர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றியதில் பாதிக்கு நாமே வழி செய்து கொடுத்திருந்தோம்.

அப்போது பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூன் அரிசி கிள்ளான் பக்கத்துத் துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் சரக்குக் கொட்டகைக்கு வரும். அரிசி மூட்டையோடு எலியும் சவாரி செய்யும். அந்த வருஷம் எலியோடு பிளேக்கும் சவாரி செய்து வந்துவிட்டது. முதலில் கிள்ளான் பக்கம் யாருக்கோ கண்டது என்று பேச்சு வந்தது. பிறகு பிரிக்பீல்ட்ஸில் யாரும் அடிக்காமலே எலிகள் செத்து விழ ஆரம்பித்தன.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிளேக் முதலில் எலிக்குக் காணும். எலி செத்து உடம்பு ஆறியதும் அதன் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சிகள் சூடு தேடிக் கிளம்பும். வேறு எலி கிடைத்தால் அதன் மேல் ஏறும், கிடைக்காவிட்டால் பக்கத்தில் படுத்திருக்கும் மனிதன் மேல் ஏறும். அதனால்தான் எலி எங்கே செத்தது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு அவசரம். அங்கேதான் தெள்ளு காத்திருக்கும்.

கண்டுபிடிப்பதற்காகத் தமுக்கு அடித்தோம். தமிழில், மலாயில், சீனத்தில், தெருத் தெருவாக. செத்த எலி கிடந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், மறைத்தால் தண்டனை, எலி செத்த வீட்டின் கூரை பிரிக்கப்படும், சாமான்கள் கொளுத்தப்படும், குடியிருப்போர் ஊருக்கு வெளியே முகாமில் வைக்கப்படுவார்கள் என்று அறிவித்தோம்.

ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியவில்லை என்று இப்போது நீங்கள் புலம்புவதைக் கேட்கிறேன். எங்கள் தமுக்கு அன்று நூற்றுக்கு நூறு புரிந்தது. வீட்டில் எலி செத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து யார் வீட்டிலும் எலி சாகவில்லை. எல்லா எலிகளும் அடுத்த வீட்டில் செத்தன.

எலி பிடிக்கிற எங்கள் படைக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்தவர் சின்னசாமி. ஆட்களை மேய்ப்பதில் கெட்டிக்காரர். அவர் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து சொன்னார்: "ஐயா, யாரக் கேட்டாலும் இந்த ஊர்ல எலியே கெடையாதுங்கிறாங்க. நேத்து எங் கால் மேல ஒண்ணு ஏறி ஓடுச்சு, அது என்னாவாம்?"

பெரிய டாக்டர் துரையின் அறைச் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. செத்த எலி கிடந்த இடங்களில் ஊசி குத்தி வைப்பார். நாளாக ஆக ஊசிகள் ஒரே இடத்தில் கும்பல் கூடின. காசிம் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த சந்து அது. காலையில் போனால் கடையின் கொல்லைக் கதவுக்கு வெளியே எலி கிடக்கும். பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் பிளேக் என்று பதில் வரும். காசிம் பாய் நாகப்பட்டினம் பக்கத்து ஆள். கடையோடு ஒட்டிய சரக்கறையில் அரிசியும் பருப்பும் அடுக்கி வைத்து மொத்த வியாபாரமும் செய்துவந்தார். அரிசி மூட்டை, எலி, பிளேக் என்று கணக்குச் சரியாகப் பொருந்தியது. கடையைக் காலி செய்து சரக்கைக் கொளுத்த வேண்டும், காசிம் பாயையும் அவருடைய ஆட்களையும் முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். நிறைவேற்ற வேண்டியவன் நான்.

இந்த இடத்தில் என் காலுறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்ற இன்ஸ்பெக்டர்கள் காக்கி காலுறை போடுவார்கள், அழுக்குத் தெரியாது என்பதற்காக. நான் முழங்கால் வரை வெள்ளை போடுவேன். தெள்ளு ஏறினால் உடனே கண்ணுக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு இது போதாதா? எனக்கு 'மாப்பிள்ளை இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் தெருவில் நுழைந்தால் பொண்ணு வீடு எது என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

உத்தரவோடு நான் போன காலையில் காசிம் பாய் சரக்கறை வாசலிலேயே நின்றிருந்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"ஐயா, பர்மா அரிசி. இப்பத்தான் ஸ்டேசன்லேருந்து எறக்குனேன். இதக் கொளுத்திட்டா நான் எதை வச்சு எந்திரிக்கிறது? கடை போச்சுன்னா ஊருக்குக் கப்பல் ஏறக்கூட எனக்கு வழியில்ல."

"உள்ள எலி செத்துச்சா பாய்? நெசத்தச் சொல்லுங்க."

"அல்லா மேல ஆணையா இல்ல. எல்லாம் வெளிய கெடந்ததுதான். எவனோ கொண்டாந்து போடுறான்லா. எவன்னு தெரிஞ்சா இங்கயே கறிக்குப் போட்டுடுவேன்."

அதை எல்லோரும்தான் சொன்னார்கள். நான் உள்ளே போனேன். மூட்டைகளுக்கு நடுவில் புகுந்து, மூலையில் நின்று, குனிந்து, நகர்ந்து, வேண்டிய மட்டும் நேரம் எடுத்துக்கொண்டேன். சின்னசாமி வெளியே நின்று கனைத்தார். ஆட்களை முகாமுக்கு ஏற்றிப்போகும் வண்டியும் துரையும் வருகிற நேரம். நான் வெளிச்சத்துக்கு வந்து காலைப் பார்த்தேன். காலுறை சலவைக்குப் போய் வந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

கொல்லையில் அன்றைய எலி ஒன்று கிடந்தது. இடுக்கியால் எடுத்து ரோமத்தை விலக்கிப் பார்த்தேன். விறைத்துச் சில்லென்று இருந்தது. அதன் மேலும் தெள்ளு இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எலியின் மேல் தெள்ளு இல்லாதது நல்ல சேதி என்று அதுவரை எங்கள் ஆட்கள் நினைத்திருந்தார்கள். அதன் அர்த்தமே வேறு. எலி வேறெங்கோ செத்து, அங்கேயே உடம்பு ஆறி, தெள்ளுகள் அங்கேயே இறங்கிவிட்ட பிறகுதான் இங்கே வந்திருக்கிறது. காசிம் பாயின் கடைக்கு வந்து சேர்ந்தது வெறும் பிணம். நோய், எலியை அனுப்பிய வீட்டிலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டில் யார் யார் படுத்திருக்கிறார்களோ தெரியாது.

"இந்தச் சந்துல நம்ம ஆளுங்க நுழையாத வீடு ஏதாச்சும் இருக்கா?" என்று சின்னசாமியைக் கேட்டேன்.

"எல்லாம் பாத்தாச்சுய்யா."

"எல்லாமா?"

அவர் சந்தின் மறுபுறத்தைக் கைகாட்டினார். "அதோ, அந்தப் பலகை வீடு மட்டும் விட்டுட்டோம். புள்ள பெத்த வீடுய்யா. வாசல்ல வேப்பில சொருகியிருக்கு பாருங்க. தீட்டு இன்னும் கழியல. எப்படி நுழையிறது?"

சந்துக்கு மறுபுறம் வரிசையாகப் பலகை வீடுகள். அதில் காசிம் பாயின் கொல்லைக் கதவுக்கு நேர் எதிர் வீட்டில் வேப்பிலை வாடித் தொங்கியது. எங்கள் படையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். யாரும் சொல்லித் தராமலே அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிற அறைக்குள் முன்பின் தெரியாத ஆண்கள் இடுக்கியும் வாளியுமாகப் போய் நிற்பதை நம்மில் யார் ஒப்புக்கொள்வோம்? துரைக்கு வேப்பிலை வெறும் இலை, அவர் நேரே போயிருப்பார். அவள் கதவை உள்ளே தாழ் போட்டிருப்பாள், இவர் உடைத்திருப்பார். அதோடு அந்தச் சந்தில் நம் வேலை முடிந்திருக்கும்.

ஆட்களைச் சந்து முனையிலேயே நிற்கச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. சாம்பிராணிப் புகையும் பூண்டு வாசனையும் வந்தன.

"அம்மா, சானிட்டரி ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன். உள்ள வரமாட்டேன். வாசல்லயே நிக்கிறேன்."

"இங்க எலி ஒண்ணும் சாகலய்யா." ஒரு பெண் குரல். நான் இன்னும் எலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குனிந்து பார்த்தேன். இடது காலுறையில் மிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளிகள். ஒன்று துள்ளி முழங்காலுக்கு ஏறியது. தெள்ளு கடிக்காமலிருக்க நான் காலில் மண்ணெண்ணெய் பூசியிருந்தேன், எனக்கு அவ்வளவு பயம் இல்லை. என் பயமெல்லாம் உள்ளே தரையில் படுத்திருப்பவர்களைப் பற்றித்தான்.

சின்னசாமி பின்னால் வந்து காதோடு, "போலீசக் கூப்பிடட்டுமாய்யா?" என்றார். சந்து முனையில் வண்டி வந்து நிற்கும் சத்தமும் கேட்டது.

இந்த இடத்தில் நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள்? எலி செத்ததா இல்லையா என்று மறுபடி அதட்டியிருப்பீர்கள். நிச்சயமாக இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். எலி நம்முடைய கவலை. அவளுடைய கவலை வேறு. நான் அதைக் கேட்டேன்.

"நான் எலியப் பத்திக் கேக்கலம்மா. புள்ளயத் தெள்ளு கடிக்குதா?"

கதவு அகலத் திறந்தது. வந்து நின்றவள் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன், அப்போது தெரியாது. வெளிறிப்போன முகம், காதோடு துணி கட்டியிருந்தாள். கையில் இருந்த குழந்தையின் கால் துணியை விலக்கிக் காட்டினாள். பெண் குழந்தை. அந்தச் சின்னக் கால்கள் இரண்டும் சிவந்து தடித்திருந்தன.

"வேர்க்குருன்னு நெனச்சேன்யா. தூங்கவே மாட்டேங்குது. அழுதுகிட்டே இருக்குது. இது தெள்ளுக்கடியாய்யா? புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவள் கேட்டு முடிக்குமுன் சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. அவளுடைய புருஷன் முனியன், சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்குகிறவன். காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தான். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று அவளே சொன்னாள். சொல்ல ஆரம்பித்த பிறகு அவள் நிறுத்தவில்லை.

"எலிய அவருதான்யா வீசுனாரு, அவரு படுத்த பொறவு நான். நான்தான் வீசச் சொன்னேன். பச்ச ஒடம்போட முகாமுக்குப் போனா புள்ள பொழைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. பாய் கடை பெரிய கடை, நாலு எலியால அவருக்கு ஒண்ணும் ஆயிடாதுன்னு நெனச்சோம். அந்தக் கடைக்குத்தான்யா நான் மசாலா அரைச்சுக் குடுக்கிறேன்."

துரை சந்துக்குள் வந்துவிட்டார். உயரமான மனிதர், கோபக்காரர், ஆனால் நியாயம் தெரிந்தவர். எலி செத்தது கடையில் இல்லை, இந்த வீட்டில் என்று சொன்னேன். என் காலுறையைப் பார்த்தார், உடனே புரிந்துகொண்டார். அப்படியானால் கடையை விட்டுவிட்டு இந்த வீட்டுக்காரர்களை வண்டியில் ஏற்று என்றார்.

சந்தின் வாசல்களிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். பிள்ளை பெற்ற உடம்போடு அந்தப் பெண்ணை நாங்கள் வண்டியில் ஏற்றுகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. இவளை ஏற்றினால் இந்த ஒரு வீட்டு நோய்தான் தீரும். நாளை முதல் இந்த ஊர் எலிகள் எல்லாம் ஆற்றில் மிதக்கும். எது எந்த வீட்டில் செத்தது என்று சொல்ல ஒரு வாய் திறக்காது.

அதை அப்படியே துரையிடம் சொன்னேன். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், அதில் வேறு பேச்சில்லை. ஆனால் இவளையும் சந்தில் இருக்கும் மற்றவர்களையும் முகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் திடல் காலியாகக் கிடக்கிறது. கூடாரம் போட்டு அங்கே வைப்போம். அங்கிருந்து பார்த்தால் அவரவர் வீடு அவரவர் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் தினமும் வந்து காய்ச்சல் பார்க்கலாம்.

"ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனால்?" என்றார்.

"வீடு கண் முன்னால் இருக்கும்போது எங்கே ஓடுவார்கள்?"

"ஓடினால் யார் பொறுப்பு?"

"நான்."

வேலை போனாலும் பரவாயில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதாக இப்போது எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. வேலை போய்விடுமே என்று பயந்து நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். துரை என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு கூடாரத்துணிக்கு ரயில்வேக்காரர்களைக் கேட்கச் சொன்னார். அவ்வளவுதான், சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம் இல்லை.

முனியனைத் தூக்குக் கட்டிலில் வைத்துக் கொண்டுபோனோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொட்டகையில ஒரு வார்த்த சொல்லிடுங்கய்யா, வேலைக்கு வரலன்னு பேர அடிச்சிடுவாங்க" என்றான். சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன்.

திடலில் கூடாரங்கள் எழும்பின. ரயில்வே துணி போதவில்லை. காசிம் பாய் தன் கடை முகப்பில் கட்டியிருந்த பெரிய கித்தானை அவிழ்த்து ஆட்கள் தலையில் தூக்கி வைத்து அனுப்பினார். கடையை மருந்தடித்துச் சில நாட்கள் பூட்டி வைத்தோம், ஆனால் அரிசியைத் தொடவில்லை. எலியை யார் வீசியது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவரே என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுபோய்ப் பேசினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. மொதல்ல விழுந்த எலிய நானே தையக்காரன் வீட்டுப் பக்கம் தள்ளிட்டேன்லா."

"அவர் என்ன செஞ்சாரு?"

"அவனுக்கு மட்டும் கை இல்லியா? அவன் யாரு பக்கம் தள்ளுனானோ."

துரையின் வரைபடம் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் குத்தியிருந்த ஊசிகளில் பாதி, பிரிக்பீல்ட்ஸ்வாசிகளின் கை எவ்வளவு தூரம் வீசும் என்பதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

மறுநாளிலிருந்து காசிம் பாய் திடலில் அடுப்புப் போட்டு எல்லோருக்கும் சமைத்தார். ஒரு சட்டி மட்டும் தனியாக இருக்கும். மிளகும் பூண்டும் நிறையப் போட்ட கருவாட்டுக் குழம்பு, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம். "அந்தப் புள்ளகிட்டக் குடுங்கய்யா. எம் பொஞ்சாதி ஊர்ல பெத்துக்கிட்டா, நான் இன்னும் எம் மவன் மொகத்தப் பாக்கல. யாரு வீசுனாங்கன்னு எங்கிட்டச் சொல்ல வேணாம். சந்துல எந்தக் கதவு எப்பத் தொறக்குதுன்னு கொல்லையில அடுப்பு மூட்டுறவனுக்குத் தெரியாதா?" என்றார். தெரிந்தபிறகும் கறிக்குப் போடவில்லை.

முனியன் பிழைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலும் அந்த நோய்க்குப் பெரிதாக வைத்தியம் கிடையாது. செய்தியைச் சொல்ல நான்தான் போனேன். அழுது முடித்து வெகு நேரம் கழித்து அஞ்சலை ஒரு கேள்வி கேட்டாள். "மொதல்லயே சொல்லியிருந்தா அவரு பொழச்சிருப்பாராய்யா?"

இப்படி ஒரு கேள்வி உங்களிடமும் ஒரு நாள் வரும். ஆமாம் என்று சொன்னால் மீதி ஆயுள் முழுக்க அவள் தன்னையே குத்திக்கொள்வாள். இல்லை என்று சொன்னால் இனி யாரும் எதையும் முன்னால் வந்து சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடும். அவள் முகத்தைப் பார்த்து என்னால் இரண்டையும் சொல்ல முடியவில்லை.

"தெரியலம்மா. முதல் எலியிலயே வீட்ட விட்டு வெளிய வந்திருந்தா தெள்ளு கடிச்சிருக்காது, அது நெசம். ஆனா நீங்க சொல்லாம போனதுக்கு எங்க தமுக்குதான் காரணம். வியாதியவிட எங்களப் பாத்துத்தானே பயந்தீங்க?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்று திடலிலிருந்து நடந்து வீட்டுக்குப் போகும்போது எனக்குத் துக்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அஞ்சலைக்கும் குழந்தைக்கும் காய்ச்சல் வரவில்லை. திடலில் இருந்த மற்றவர்களுக்கும் வரவில்லை. யாரும் ஓடிப்போகவும் இல்லை. துரை தினமும் வந்து ஆட்களைப் பார்த்து உறுமிவிட்டுப் போவார்.

பிறகு தமுக்கின் வாசகத்தை மாற்ற வேண்டும் என்று துரையை நச்சரித்தேன். பல முறை விரட்டிவிட்டுக் கடைசியில் ஒப்புக்கொண்டார். செத்த எலியைத் தொடாதீர்கள், தள்ளாதீர்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பிள்ளை குட்டிகளோடு வெளியே வந்து சொல்லுங்கள், சொன்னவர்களை முகாமுக்குக் கொண்டுபோகமாட்டோம், சாமான்களைக் கொளுத்தமாட்டோம், மருந்தடித்து வீட்டைத் திருப்பித் தருவோம். இதுதான் புது வாசகம். தமுக்கு அடிப்பவருக்கு இது பிடிக்கவே இல்லை. "இதுல மெரட்டலே இல்லியே ஐயா, எவன் காதுல ஏறும்?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. யாரும் வரவில்லை. ஒருமுறை கேட்ட தமுக்கு ஜனங்கள் காதிலிருந்து அவ்வளவு சுலபமாக இறங்காது. எலிகள் பழையபடி சாக்கடையிலும் ஆற்றங்கரையிலும் கிடந்தன. ஆபீசில் என்னைக் கேலி செய்தார்கள். மாப்பிள்ளை பாயைப் போட்டுக் காத்திருக்கிறார், பொண்ணு வீட்டார்தான் வரக் காணோம் என்றார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் காலத்தில் எலியால் வருகிற காய்ச்சல்கள் வேறு. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கி வேலை செய்பவனுக்குக் கண் மஞ்சளாகிக் காய்ச்சல் வருகிறது. லாலாங் புல்லில் திரிகிற எஸ்டேட் ஆட்களுக்கு உடம்பெல்லாம் தடித்துக் காய்ச்சல் வருகிறது. பெயர்களெல்லாம் எனக்கு வாயில் நுழைவதில்லை. ஆனால் அந்த ஆள் உங்களிடம் வந்து சொல்லுமுன் வேலை போய்விடுமா, குடியிருக்கிற லயத்தை விட்டு விரட்டுவார்களா என்றுதான் முதலில் யோசிப்பான். நீங்கள் ஒட்டுகிற நோட்டீசை அவனாக நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள். பிறகு ஒட்டுங்கள்.

அடுத்த அரிசிப் பருவத்தில் மறுபடி எலிகள் விழ ஆரம்பித்தன. ஒரு நாள் முற்பகல், ஆபீஸ் முழுக்க ஆட்கள். லைசென்ஸ் வாங்க வந்த கடைக்காரர்கள், மாட்டுக் கொட்டகைக்காரர்கள், எங்கள் எலிப்படை, எல்லோரும் இருந்தார்கள். வாசலில் அஞ்சலை வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. அவள் விரல்களில் மசாலா மஞ்சள் ஏறியிருந்தது. அந்தச் சந்து வீட்டிலேயே இருந்து காசிம் பாய் கடைக்கு அரைத்துக் கொடுத்துப் பிழைத்துவந்தாள். புருஷனைப் பறிகொடுத்த அதே வீடு. அவள் பின்னால் சந்திலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து, உள்ளே நுழையாமல், என்ன ஆகிறது என்று பார்க்க நின்றார்கள்.

எலியைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துச் சின்னசாமி வாளியை நீட்டினார். அவள் கையை விரித்துக் காட்டினாள். கையில் எலி இல்லை. எல்லோர் காதிலும் விழும்படி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வீட்டுலதான்யா செத்துக் கெடக்கு. தொடல. அப்படியே விட்டுட்டுப் புள்ளயத் தூக்கிட்டு வந்துட்டேன்."

ஆபீசில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மசாலா அரைக்கிற பெண் வந்தால் இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்பது அந்த நாளில் வழக்கம் இல்லை. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். எனக்குப் பின்னால் சின்னசாமி வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.